பலகைக்கு முன் காற்று

கைட்போர்டிங் காற்றையும் நீரையும் ஒரே நேரத்தில் கையாளும் விளையாட்டு. இடுப்பில் இறுகக் கட்டிய பட்டை, அதன் முன்புறம் ஒரு கொக்கி, கொக்கியில் மாட்டிய கைப்பிடிக் கம்பி, கம்பியிலிருந்து இருபது இருபத்திரண்டு மீட்டர் நீளத்துக்குக் கயிறுகள், அவற்றின் மறுமுனையில் பிறை வடிவில் வளைந்து நிற்கும் பெரிய பட்டம். காலில் ஒரு மனிதரின் மார்பளவு நீளமுள்ள பலகை. பட்டம் இழுக்கிறது, பலகையின் ஓரம் நீரை அறுத்து அந்த இழுப்பை எதிர்க்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் நகர்ந்துகொண்டே இருக்கிறார்.

பனிச்சரிவில் ஒரே பலகையில் இரு கால்களையும் பூட்டிப் பக்கவாட்டாக நின்று இறங்கும் ஸ்னோபோர்டிங்குக்கு இது நெருங்கிய சொந்தம். அமெரிக்காவின் மிச்சிகனில் 1965ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தம் பெண்பிள்ளைகளுக்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துக் கட்டியதிலிருந்து ஸ்னோபோர்டின் கதையைத் தொடங்குவார்கள். 1998இல் ஜப்பானின் நாகானோவில் அது ஒலிம்பிக் ஆட்டமாயிற்று. கடல் பட்டத்தின் கதை பிரான்சில் தொடங்குகிறது. புருனோ லெகெய்ன்யூ, டொமினிக் லெகெய்ன்யூ என்ற சகோதரர்கள் 1984இல் காற்றடைத்த விளிம்புள்ள பட்டத்துக்குக் காப்புரிமை கோரினார்கள். அதற்கு முந்தைய பட்டங்கள் நீரில் விழுந்தால் நனைந்து மூழ்கிவிடும். அன்றைய ஆட்டம் அதோடு முடிந்தது. காற்றடைத்த விளிம்பு மிதக்கும், விழுந்த பட்டத்தை நீரிலிருந்தே மறுபடி எழுப்பலாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பட்டத்தைக் கீழே போடுகிற புதியவரும் கற்றுக்கொள்ள வழி திறந்தது இந்த ஒரு மாற்றத்தால்தான். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், மார்செய் கடலில் இது முதன்முறையாகப் பதக்க ஆட்டமாக நடந்தது.

ஸ்னோபோர்டிங் கற்க இந்தியாவில் குல்மார்க் போன்ற பனிமலை இடங்கள் வரை போக வேண்டும். கைட்போர்டிங் கற்க இராமநாதபுரம் மாவட்டம் போதும். மண்டபம், பாம்பன், இராமேஸ்வரம் என்று நீளும் இந்தக் கரைக்கு நாட்டில் வேறெங்கும் எளிதில் அமையாத ஒரு வசதி உண்டு. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா என இரண்டு கடல்கள், நடுவில் ஒடுங்கிய நிலம். வடபுறத்து அமைதியான நீரைப் பெண் கடல் என்றும் தென்புறத்து அலையடிக்கும் நீரை ஆண் கடல் என்றும் இங்குள்ளோர் சொல்வார்கள். ஆண்டில் இரண்டு காற்றுகள் முறைவைத்து வருகின்றன. மே தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கிறது. மழைக்காலம் வந்ததும் திசை மாறி வடகிழக்கிலிருந்து வாடை இறங்குகிறது. ஜனவரி, பிப்ரவரி வரை அது நிற்கும். தென்மேற்குப் பருவத்தில் கேரளத்தில் கொட்டும் மழை மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி இங்கே வந்து சேர்வதில்லை. வெறும் காற்றுதான் வருகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழிக்குரிய அதே காற்று, வெயிலோடும் வறண்ட வானத்தோடும் நாள்கணக்கில் ஒரே சீராக வீசுகிறது. கற்றுக்கொள்பவருக்கு வேண்டியது இந்தச் சீர்தான். குறைவாக அடித்தாலும் சீராக அடிக்கிற காற்று, பலமாக அடித்துச் சட்டென்று ஓயும் காற்றைவிட எவ்வளவோ மேல்.

காற்றை இந்த விளையாட்டில் நாட் கணக்கில் சொல்கிறார்கள். ஒரு நாட் மணிக்கு 1.852 கிலோமீட்டர். புதியவருக்கு ஏறக்குறைய 12 முதல் 20 நாட் வரை ஏற்றது. அதற்குக் கீழே பட்டம் வானில் நிற்கத் தடுமாறும், மேலே போனால் ஆளைத் தூக்கும். பட்டத்தின் இழுவிசை காற்று வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்பதை முதல் நாளிலேயே மனத்தில் பதிய வைக்க வேண்டும். 12 நாட் காற்று 18 நாட் ஆகும்போது வேகம் ஒன்றரை மடங்குதான் உயர்கிறது, இழுப்போ இரண்டேகால் மடங்காகிறது. ஆகவே காற்று கூடும் நாளில் சிறிய பட்டம், குறையும் நாளில் பெரிய பட்டம். பன்னிரண்டு சதுர மீட்டரிலிருந்து ஏழு சதுர மீட்டர் வரை ஆளின் எடைக்கும் நாளின் காற்றுக்கும் தக்கபடி தேர்ந்தெடுக்கிறார்கள். இந்தக் கரையில் காற்று எவ்வளவு பலமாகும் என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு: 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை விடாமல் நிறுத்தும் ஏற்பாடு இருந்தது. நாட் கணக்கில் அது 31. ரயிலே நிற்க வேண்டிய காற்று இந்தக் கடலுக்குப் புதிதல்ல; 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததை நினைவில் வைத்திருக்கும் கரை இது. புதியவர் கரையேற வேண்டிய எல்லை அந்த 31க்கு வெகுமுன்பே வந்துவிடுகிறது.

பயிற்சி தரையில் தொடங்குகிறது. முதலில் கையில் வருவது இரண்டு மூன்று சதுர மீட்டர் அளவுள்ள சிறிய பயிற்சிப் பட்டம். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், ஆளுக்கு முன்னால் கவிழ்த்த கிண்ணத்தில் பாதியைப் போன்ற ஒரு வெளிதான் பட்டம் உலவக்கூடிய இடம். அதைக் கடிகார முகமாகப் பாவித்துப் பாடம் நடக்கிறது: தலைக்கு நேர்மேலே பன்னிரண்டு மணி, இடக்கைப் பக்கம் நீர்மட்டத்தை ஒட்டி ஒன்பது, வலப்பக்கம் மூன்று. இந்த வெளியின் ஓரங்களில் பட்டம் சாதுவாக நிற்கும். நடுவே, ஆளுக்கு நேர் எதிரில் தாழ்வாகக் குறுக்கே பாய்ந்தால் முழு பலத்தோடு இழுக்கும். நின்ற பட்டத்தைவிடப் பாயும் பட்டம் பல மடங்கு இழுக்கும், ஏனென்றால் பாயும்போது அது தன் வேகத்தாலேயே கூடுதல் காற்றை உண்டாக்கிக்கொள்கிறது. இந்த வெளியைக் கண் அல்ல, கை கற்றுக்கொள்ள வேண்டும். பட்டத்தை அண்ணாந்து பார்க்காமலே அது எந்த மணியில் நிற்கிறது என்று சொல்ல முடிகிறவரை நீரில் இறங்குவதால் பயனில்லை. அவசரப்பட்டு இந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள் பின்னால் பலகையில் ஏறும்போது கண்ணைப் பட்டத்துக்கும் காலுக்கும் மாற்றி மாற்றி ஓட்டி, இரண்டையும் கோட்டை விடுகிறார்கள்.

அடுத்தது பிடியைப் பற்றிய பாடம். ஒருவகையில் மொத்தக் கல்வியும் இதில்தான் இருக்கிறது. கைப்பிடிக் கம்பியைத் தன்னை நோக்கி இழுத்தால் பட்டத்தின் பின்விளிம்பு இறுகிக் காற்றை அதிகம் பிடிக்கும், பலம் கூடும். கம்பியைத் தள்ளிவிட்டால் காற்று வழிந்துபோய்ப் பலம் குறையும். பயந்துபோன மனிதர் கையில் இருப்பதை இறுகப் பிடித்துத் தன் பக்கம் இழுப்பது பிறவிக் குணம். இங்கே அந்தக் குணம் ஆளைக் கவிழ்க்கும். பட்டம் வேகமெடுக்கிறது, மாணவர் கலங்கிக் கம்பியை மார்போடு அணைக்கிறார், பட்டம் இன்னும் வெறிகொண்டு இழுக்கிறது. பயிற்றுநர் கரையிலிருந்து “கைய விடு, கைய விடு!” என்று கத்துவது இதற்காகத்தான். விட்டுவிட்டால் பட்டம் பலமிழந்து தணிகிறது. உடல் எதைப் பாதுகாப்பு என்று நம்பி வந்ததோ அதுவே ஆபத்து என்று அதற்குப் புரியவைக்கப் பேச்சு உதவாது. பலமுறை விட்டுப் பார்த்துத்தான் உடல் நம்பும். ஸ்னோபோர்டிலும் இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது. சரிவைக் கண்டு பயந்தவர் பின்னால், மலைப்பக்கமாகச் சாய்கிறார். முன்காலில் எடை இல்லாத பலகை திரும்ப மறுத்து அவரை விழத்தட்டுகிறது.

கம்பியை விட்டும் தணியாத நிலைமைக்கு அவசர விடுவிப்பு இருக்கிறது. கொக்கியருகே உள்ள சிவப்புப் பிடியை முன்னோக்கித் தள்ளினால் பட்டம் ஒரே கயிற்றில் தொங்கிக் கொடிபோலத் துவண்டுவிடும். அப்போதும் ஆபத்து நீங்காவிட்டால் அந்தக் கடைசிக் கயிற்றையும் கழற்றிப் பட்டத்தை முற்றாகக் கைவிடலாம். நல்ல பயிற்றுநர் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொல்வார், இடக்கையால் செய்யச் சொல்வார், தலைகீழாகப் புரளும்போதும் கை தானாக அந்த இடத்துக்குப் போகிறதா என்று சோதிப்பார். விலையுயர்ந்த பட்டம் கடலோடு போகிறதே என்று ஒரு விநாடி தயங்குவதுதான் பெரும் விபத்துகளுக்கு இடம் தருகிறது. முதல் நாளே அந்தத் தயக்கத்தை உடைத்துவிட வேண்டும்.

பிறகு பட்டத்தைத் தயார் செய்யும் வேலை. மணலில் விரித்து, காற்றுக்கு எதிர்ப்புறமாக விளிம்பை வைத்து, கைப்பம்பால் காற்றடைக்க வேண்டும். விரலால் சுண்டினால் இறுகிய தோலின் ஓசை வர வேண்டும். அடைத்த பட்டத்தைக் கவிழ்த்து மேலே மணல் அள்ளிப் போட்டு நிறுத்துகிறார்கள். கயிறுகளை ஒவ்வொன்றாக விரல்களுக்கிடையே விட்டுப் பின்னலின்றி நடந்து பிரித்து, முன்கயிறு எது பின்கயிறு எது என்று பார்த்து முடிச்சிட வேண்டும். ஒரு கயிறு இடம் மாறினால் போதும், எழுந்த கணத்தில் பட்டம் கட்டுக்கடங்காமல் சுழன்று விழும். வலைக்காரர் வலையைப் பிரிக்கும்போது காட்டுகிற அதே பொறுமை இதற்கும் வேண்டும். கடலோரத்தில் பிறந்த பிள்ளைகள் இந்தக் கட்டத்தை வெகு சீக்கிரம் கடந்துவிடுகிறார்கள்.

நீரில் இறங்கியதும் பலகை தருவார்கள் என்று எதிர்பார்க்கிறவர் ஏமாறுவார். முதலில் பலகையில்லாமல் உடம்பாலேயே இழுபட வேண்டும். பட்டத்தை எட்டாக மேலும் கீழும் ஓட்டினால் ஆள் காற்றுப்போக்கில் வயிறு நீரில் உரச இழுபட்டுப் போகிறார். அடுத்து, ஒரு கையை நீருக்குள் சுக்கான்போல நீட்டி, மறுகையால் பட்டத்தைத் தாழ்வாக ஒரே பக்கம் நிறுத்தி, காற்றுக்குக் குறுக்கேயும் சற்று எதிரேயும் நகரப் பழகுகிறார். இதற்குக் காரணம் எளிது. பலகையிலிருந்து விழுந்தால் பட்டம் ஆளைக் காற்றுப்போக்கில் கொண்டுபோகும். பலகை விழுந்த இடத்திலேயே மிதக்கும். எதிர்க்காற்றில் உடம்பால் ஏறி வரத் தெரியாதவர் பலகையைத் திரும்பப் பெற முடியாது. இங்கேதான் இந்தக் கரையின் ஆழமின்மை பெரும் கொடையாகிறது. பாக் நீரிணை பெரும்பாலும் ஆழம் குறைந்த கடல். கரையோரமாக வெகுதூரம் இடுப்பளவு நீரிலேயே நடக்கலாம். விழுந்தவர் எழுந்து நிற்கலாம், பயிற்றுநர் பக்கத்திலேயே நடந்து வந்து சொல்லித்தரலாம். பனியில் விழுபவர் கையை ஊன்றி மணிக்கட்டை முறித்துக்கொள்வது ஸ்னோபோர்டில் புதியவர்களுக்கு மிக அதிகமாக நேரும் காயம். வெதுவெதுப்பான இந்த நீரில் அந்த அச்சம் குறைவு. மூக்கில் ஏறும் உப்புநீரும் முதுகைப் பொசுக்கும் வெயிலும்தான் அன்றாடத் தொல்லை.

பலகை கடைசியில் வருகிறது. நீரில் மல்லாந்து உட்கார்ந்த நிலையில், முழங்காலை மார்புக்கு மடக்கி, பலகையைக் காற்றுக்குக் குறுக்காக வைத்து இரு கால்களையும் பட்டைகளுக்குள் நுழைக்க வேண்டும். பட்டம் தலைக்கு மேலே பன்னிரண்டில் நிற்கிறது. போக வேண்டிய திசையில் அதைப் பத்துக்கோ இரண்டுக்கோ சரேலென்று இறக்கினால் அந்தப் பாய்ச்சல் ஆளை நீரிலிருந்து உருவி எடுக்கும். எழும்போது முன்காலை நீட்டி, பின்காலை மடக்கி, பலகையின் மூக்கைச் சற்றுக் காற்றுப்போக்கில் திருப்பி வேகம் பிடிக்க விட வேண்டும். உடனே நிமிர்ந்து நின்றால் பட்டம் முகம் குப்புறத் தள்ளும். பாய்ச்சல் போதாவிட்டால் பின்புறமாகவே அமிழ வேண்டியதுதான். இந்த இரண்டு விழுதல்களுக்கும் இடையேயுள்ள அளவைக் கண்டுபிடிக்க அநேகருக்கு நாட்கள் பிடிக்கும். வேகம் வந்ததும் குதிகால் ஓரத்தை நீரில் அழுத்த வேண்டும். ஸ்னோபோர்டு தெரிந்தவருக்கு இந்த அழுத்தம் பழகிய சங்கதி. பக்கவாட்டு நிற்பும், போகும் திசையை நோக்கித் தோளைத் திருப்புவதும் அவருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் முன்காலில் எடையைப் போடும் பனிப் பழக்கம் இங்கே குறுக்கே நிற்கிறது. நீரில் எடை பின்காலில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பலகையின் மூக்கு நீருக்குள் குத்திவிடும்.

சில விநாடி ஓடுவது ஒரு மகிழ்ச்சி. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதுதான் தேர்ச்சி. புதியவர் ஒவ்வொரு ஓட்டத்திலும் காற்றுப்போக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிப் போய், கடைசியில் கரையேறிப் பட்டத்தைத் தலைக்கு மேல் நிறுத்திக்கொண்டு, பலகையைக் கக்கத்தில் இடுக்கி மணலில் நடந்து திரும்புகிறார். உடலை நேராக விறைத்து, இடுப்பை மேலே தள்ளி, தோளைக் காற்றுப் பக்கம் சாய்த்து, ஓரத்தை ஆழமாக அழுத்தினால் பலகை எதிர்க்காற்றில் ஏறத் தொடங்கும். குறுக்கும் மறுக்குமாக ஓடி மெல்லமெல்லக் காற்றை நோக்கி முன்னேறலாம். வேகத்துக்கு ஆசைப்படாமல் ஓரத்தை நம்புகிறவருக்குத்தான் இது கைகூடுகிறது.

எதிர்க்காற்றில் ஏறும் இந்த வித்தை பாக் நீரிணைக் கரைக்கு அந்நியமல்ல. தொண்டி வட்டாரத்தில் நடக்கும் பாய்மரப் படகுப் போட்டியைப் பார்த்தவருக்கு இது விளங்கும். படகின் குறுக்கே நீளமான பலகை ஒன்று காற்று வரும் பக்கமாக நீருக்கு மேலே நீட்டியிருக்கும். அதன்மேல் ஆட்கள் வரிசையாக ஏறி நிற்பார்கள். காற்று முறுக்கேறிப் படகு சாயும்போது அவர்கள் பலகையின் நுனிக்கு நகர்வார்கள், தணிந்தால் உள்ளே வருவார்கள். சொல்லி வைத்தாற்போல எல்லோரும் ஒரே கணத்தில் நகர்வது பாயைப் பார்த்து அல்ல, காற்று வருவதை நீரின் மேல் கறுத்து ஓடும் சிலிர்ப்பில் கண்டு. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னல் 1920இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி எழுதிய ஆய்வில் இக்கடலின் சமநிலைப் பலகையைப் பதிவு செய்திருக்கிறார். பாயின் இழுப்பை மனித எடையால் எதிர்ப்பது, அந்த எதிர்ப்பிலிருந்தே முன்னோட்டம் பெறுவது: கைட்போர்டரின் சாய்வும் இதுவேதான். பலர் சேர்ந்து செய்வதை அவர் ஒருவராகச் செய்கிறார். நீரின் நிறத்தில் அடுத்த வீச்சைப் படிக்கும் கண் ஒரு வாரப் பயிற்சியில் வருவதில்லை. இக்கரையின் மீனவப் பிள்ளைகள் அந்தக் கண்ணோடுதான் பயிற்சிக்கு வருகிறார்கள். வெளியூரிலிருந்து வருபவர் முதலில் பெறவேண்டியது அதைத்தான்.

ஆபத்துகளில் முதன்மையானது கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. தனுஷ்கோடியின் குறுகிய மணல்நாக்கைக் கடந்து கச்சான் வடகடலுக்குள் போகும்போது அங்கே நீர் கண்ணாடியாகக் கிடக்கும், காற்றோ குறையாமல் இருக்கும். பார்ப்பதற்கு அதைவிடச் சிறந்த ஆடுகளம் இல்லை. பட்டம் விழுந்து எழாவிட்டால் அதே காற்று ஆளை நடுக்கடலுக்குக் கொண்டுபோகும், அப்பால் இலங்கைக் கடல் எல்லை இருக்கிறது. மீட்புப் படகு தயாராக நிற்காமல் அங்கே யாரும், தேர்ந்தவர்கூட, இறங்கலாகாது. புதியவருக்குக் கரையை நோக்கிச் சாய்வாக வரும் காற்றே உகந்தது: கச்சான் காலத்தில் தென்கரை, வாடைக் காலத்தில் வடகரை. பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கும் நாளில் பட்டத்தை விரிக்கவே கூடாது. ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் கடல் முன்னறிவிப்பைப் பார்ப்பதும், அன்று கடலுக்குப் போய் வந்த மீனவரிடம் ஒரு வார்த்தை கேட்பதும் இரண்டுமே தேவை. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

இந்த நீர் காலியான ஆடுகளமும் அல்ல. மண்டபம், பாம்பன் பக்கம் கரையோர நீரில் பாசி வளர்க்கும் மூங்கில் தெப்பங்கள் மிதக்கின்றன. இடுப்பளவு நீரில் பெண்கள் குனிந்து பாசி எடுக்கிறார்கள், மூழ்கியும் எடுக்கிறார்கள். விறைத்துப் பாயும் கயிறு கத்திக்குச் சமம். மூழ்கி எழும் தலை தூரத்திலிருந்து தெரியாது. அவர்கள் வேலை செய்யும் இடத்திலிருந்து விலகிப் பட்டம் விடுவது மரியாதை மட்டுமல்ல, பயிற்சியின் ஒரு பகுதியாகவே அது இருக்க வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளத் திட்டுகளும் 1986இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. 1989 முதல் அந்த வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமும்கூட. ஆழமற்ற நீரில் கால் ஊன்றும் இடத்தில் கடற்புல் இருக்கிறதா மணல் இருக்கிறதா என்று பார்த்து ஊன்ற வேண்டும். மணலிலும் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடப்பது நல்லது. புதைந்து கிடக்கும் திருக்கை அந்த அதிர்வில் விலகிப்போகும்.

செலவு பெரிய தடை. பட்டம், கம்பி, பலகை, இடுப்புப் பட்டை எல்லாம் புதிதாக வாங்கினால் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் போய்விடும். சென்னைக்கு அருகே கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவ இளைஞர் அலைச்சறுக்கைக் கற்று, பிறகு தம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து, ஒரு மீனவ ஊரையே அந்த விளையாட்டின் ஊராக்கினார். அலைச்சறுக்குக்கு வேண்டியது ஒரு பலகை; அதுவும் இரவல் கிடைத்தது. பட்டம் அப்படி எளிதில் கிடைப்பதில்லை. பயிற்சிக்கூடங்கள் கழித்துப்போடும் பட்டங்களில் கிழிசலும் காற்றுக்குழாய் ஓட்டையும் ஒட்டுப்போட்டுச் சரிசெய்யத்தக்கவை. பாய் தைத்த கைகள் உள்ள ஊர்களில் அந்த வேலைக்கு ஆள் தேட வேண்டியதில்லை. பருவத்துக்குச் சில பட்டங்களை ஊர்ப் பிள்ளைகளின் பயிற்சிக்கென்று ஒதுக்குவதும், தேறியவர்களைப் பயிற்றுநர் சான்றிதழ் வரை கொண்டுசெல்வதும் பயிற்சிக்கூடங்களும் விளையாட்டுத் துறையும் சேர்ந்தால் அடுத்த கச்சான் பருவத்திலேயே தொடங்கக்கூடியவை.